பாதியில் எழுந்திருக்காதவர்

கல்யாணமாகி நான் சித்தூருக்கு வந்த மூன்றாம் நாள் சாயங்காலம், மாமனார் ஹாலில் இருந்தபடி காபி கேட்டார். சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் அவருடைய தங்கை கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் தலையணை, தலையணைமேல் போன், இரண்டு காதிலும் ஒயர். ஒரு காதிலிருந்து மட்டும் ஒயரை எடுத்துவிட்டு, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இன்னும் பதினாலு நிமிஷம் இருக்குதுண்ணா" என்றார்.

மாமனார் கிறிஸ்தவ சபையில் மூப்பர். சபைக் கமிட்டியில் அவர் இருமினால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். நான் புதுப்பெண் இல்லையா, ஓடிப்போய்க் காபி போட்டுக் கொடுத்தேன். பதினாலு நிமிஷம் கழித்து அந்தத் தங்கை எழுந்து வந்தார். கழுவிக் கவிழ்த்திருந்த பால் பாத்திரத்தைப் பார்த்தார்.

"நீ ஏம்மா போட்ட? நான்தான் வரேன்னேனே" என்றார். "அவருக்குப் பழகிகினு வருது. நீ நடுவுல பூந்து கெடுத்துடாதே."

முறைப்படி பார்த்தால் அவர் எனக்குச் சித்தியோ பெரியம்மாவோ ஆக வேண்டும். ஆனால் அந்த வீட்டில் எல்லாருக்கும் அவர் அத்தைதான். மாமியாரையும் அத்தை என்று கூப்பிட வேண்டியிருந்ததால் இவரைச் சின்னத்தை என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவருக்கு அது பிடித்திருந்ததா என்று தெரியாது. வேண்டாம் என்று சொல்லவில்லை. பிடிக்காததைச் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை அவர்.

அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. பல்லி மாதிரி சத்தமில்லாமல் நடப்பார். இருபத்திரண்டு வயதில் பலமனேரியில் கட்டிக்கொடுத்து, இரண்டு வருஷத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவர். ஏன் வந்தார் என்று அந்த வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். நான் ஒரு தடவை கேட்டதற்கு, "அவன் அடிச்சான், நான் வந்துட்டேன், அவ்ளோதான் கதை" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரை ஆய்வதைத் தொடர்ந்தார். வந்த நாளிலிருந்து அண்ணன் வீட்டுச் சமையல், துணி, பிள்ளை வளர்ப்பு எல்லாம் அவர் கையில். அது போக, மாம்பழச் சீசன் மூன்று மாசமும் ஊருக்கு வெளியே ஜூஸ் ஃபேக்டரியில் வேலை. மல்கோவாவும் தோதாபுரியும் லாரி லாரியாக வந்து இறங்கும். இவர் ஓடுகிற பெல்ட்டுக்கு முன்னால் நின்று அழுகலைப் பொறுக்கிப் போடுவார். அந்த மூன்று மாசமும் அவர் பக்கத்தில் போனாலே மாம்பழ வாசனை வரும். ஆனால் மாம்பழம் தின்னவே மாட்டார்.

அப்படி ஒரு சீசன் முடிந்ததும் வாங்கியதுதான் அந்தப் போன். வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. ஃபேக்டரியில் கூட வேலை செய்த தெலுங்குப் பெண் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார். மாமியார், "இந்த வயசுல உனக்கு இன்னாத்துக்கு?" என்று கேட்டதற்கு, "படம் பாக்க" என்றாராம். பேச என்றோ, அவசரத்துக்கு என்றோ ஒரு சாக்குக்குக்கூடச் சொல்லவில்லை.

அவருக்குப் பிடித்தது கொலைக் கதைகள். வெளிநாட்டில் எடுத்து, தமிழிலோ தெலுங்கிலோ பேச வைத்த தொடர்கள். ஏரிக்கரையில் ஒரு பிணம் கிடக்கும். கோட்டுப் போட்ட ஒரு பெண் போலீஸ் வந்து பார்ப்பாள். அப்புறம் எட்டு பாகம் போகும். தமிழில் இல்லையென்றால் தெலுங்கில் பார்ப்பார். இரண்டும் இல்லையென்றால் பேச்சே புரியாமல் பார்ப்பார். அந்த ஊர்களின் பெயர்கள் அவருக்கு வாயில் நுழையாது. பனி ஊர், மலை ஊர், எப்பப் பாத்தாலும் மழை பெய்யிற ஊர் என்று சொல்வார். கொலையாளி யாரென்று இரண்டாம் பாகத்திலேயே எனக்குச் சொல்லிவிடுவார். முக்கால்வாசி சரியாக இருக்கும். எப்படி என்று கேட்டால், "வீட்ல யாரு ரொம்ப நல்லவன்னு பேர் வாங்கிகினு இருக்கானோ, அவன மொதல்ல பாரு" என்பார்.

அவரிடம் ஒரே ஒரு பிடிவாதம். ஆரம்பித்தால் முடிகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். அன்றன்றைய வேலையை முடித்துவிட்டு, மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ உட்காருவார். ஒரு பாகம், அல்லது ஒரு படம். பால்காரர் வந்தாலும் சரி, சபையிலிருந்து மாதர் சங்கத்தார் வந்தாலும் சரி, இன்னும் எத்தனை நிமிஷம் பாக்கி என்று சொல்வார். வந்தவர்கள் காத்திருக்கலாம், போகலாம், அது அவர்கள் இஷ்டம். ஒருமுறை போதகரே வந்துவிட்டார். சின்னத்தை ஒயரைக் கழற்றாமல் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னார், மறுபடி உட்கார்ந்துகொண்டார். போதகருக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்துப் போதகர் போகும்போது, சின்னத்தை வாசல்வரை போய், "ஒங்க பிரசங்கத்துக்கு நடுவுல நான் என்னிக்காவது எழுந்து போயிருக்கேனா ஐயா?" என்று பணிவாகவே கேட்டார்.

எனக்கு இதெல்லாம் முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. நான் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். எட்டு மணி நேரம் நின்று ரத்தமும் சிறுநீரும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அவர் கட்டிலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பனி ஊரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்துக்குள் அவர் எத்தனை வேலை முடித்திருப்பார் என்பது என் கண்ணில் படாது. உட்கார்ந்திருப்பது மட்டும் படும்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதைத் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள கதவு நிலையில், தோள் உயரத்தில் ஓர் இடம் பெயிண்ட் தேய்ந்து வழவழவென்று இருந்தது. "அத்தை சாஞ்சு நின்னு டிவி பாத்த இடம்" என்று என் கணவர்தான் சிரித்தபடி காட்டினார். சின்ன வயதில் அவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாய் விரித்து உட்கார்ந்து படம் பார்ப்பார்களாம். அத்தை அந்த நிலையில் சாய்ந்து நின்று பார்ப்பாராம். யாராவது தண்ணீர் கேட்பார்கள், போய்வருவார். சோறு வெந்திருக்கும், இறக்கப் போவார். திரும்பி வந்தால் கதையில் யாரோ செத்திருப்பார்கள். ஏன் செத்தார் என்று கேட்டால் எல்லாரும் உஷ் என்பார்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று நடந்திருக்கிறது. அதை அவரே சொன்னார். பதினேழு வயதில் தோழிகள் இரண்டு பேரோடு சித்தூர் தியேட்டருக்கு மேட்னி ஷோ போயிருக்கிறார். மாமனார் அப்போது சபையில் வாலிபர் சங்கச் செயலாளர். தங்கை சினிமாவுக்குப் போனதை யாரோ போய்ச் சொல்ல, இடைவேளையில் உள்ளே வந்து, முறுக்கு வாங்கிக்கொண்டு நின்றவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் முழங்காலில் நிற்க வைத்தாராம்.

"அந்தப் படத்துல ஒரு பொண்ணு ஊர விட்டு ரயிலேறிப் போவா. இடைவேளை வுட்டான். அப்புறம் அவ இன்னா ஆனான்னு முப்பத்தெட்டு வருஷம் எனக்குத் தெரியாது" என்றார்.

போன் வாங்கிய முதல் வாரமே அந்தப் படத்தைத் தேடிப் பார்த்திருக்கிறார். பெயர்கூட ஞாபகமில்லை, பாட்டு ஒன்றின் இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு, அந்தத் தெலுங்குப் பெண் கண்டுபிடித்துக் கொடுத்தாளாம். அப்புறம் என்னதான் ஆனாள் என்று கேட்டேன்.

"இன்னா ஆவா? திரும்பி வந்து அந்த மடையனையே கட்டிக்கினா." முகத்தைச் சுளித்தார். "நான் நெனச்சு வச்சிருந்தது இதவிட நல்லா இருந்துச்சு. என் கதையில அவ டாக்டருக்குப் படிச்சா."

ஒரு கிறிஸ்துமஸுக்குக் குடியாத்தத்திலிருந்து மாமனாரின் உறவுக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். சாப்பாடு முடிந்து எல்லாரும் ஹாலில் இருந்தோம். டிவி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. அவரவர் கையில் அவரவர் போன். குடியாத்தத்துக்காரர் பெருமூச்சு விட்டார். ஒரு காலத்தில் வீடே ஒன்றாக உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்தோம், சிரித்தால் எல்லாரும் சிரித்தோம், இந்தச் சனியன் வந்து குடும்பத்தைத் துண்டு துண்டாக்கிவிட்டது என்று பேசிக்கொண்டே போனார். அவர் சொன்னது எனக்கும் சரியென்றுதான் பட்டது. மாமனார் தலையாட்டினார். தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த சின்னத்தை நிமிர்ந்தார்.

"யாரு ஒண்ணா உக்காந்தாங்க? நீங்க உக்காந்தீங்க. நான் நின்னுகினு இருந்தேன்" என்றார். "இப்பத்தான் நானும் உக்காந்திருக்கேன். அது ஒங்களுக்குக் குடும்பம் உடைஞ்ச மாதிரித் தெரியுது."

குடியாத்தத்துக்காரர் அதற்குப்பின் மழையைப் பற்றிப் பேசினார். நான் எழுந்து போய் மீதித் தட்டுகளை எடுத்தேன். சின்னத்தையை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் பார்த்தது என்னோடு தங்கவில்லை என்பது ஒரு வருஷம் கழித்துத் தெரிந்தது.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. ஞாயிற்றுக்கிழமை. எனக்கு லேபில் டூட்டி. மாமனாரும் மாமியாரும் சாந்திபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டில் கணவரும் சின்னத்தையும் குழந்தையும் மட்டும். மத்தியானம் குழந்தை தூங்கியது. கணவர் எங்கள் அறையில் காதில் பட்டன்போல் இருக்குமே அந்த ஒயரில்லாத சாமானை மாட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்குச் சின்னத்தை அந்த அறை வாசலில் போய் நின்று, தான் உட்காரப் போவதாகவும், குழந்தை எழுந்தால் பார்த்துக்கொள்ளும்படியும் சொல்லியிருக்கிறார். கணவர் தலையாட்டியிருக்கிறார்.

குழந்தை எழுந்து, மொட்டைமாடிப் படியில் ஏறி, ஏழாவது படியிலிருந்து விழுந்தது. அலறியது. இரண்டு அறையிலும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டு ஓடி வந்து தூக்கியிருக்கிறார். பிறகுதான் இவர்கள் இருவரும் வெளியே வந்திருக்கிறார்கள். எனக்குப் போன் போட்டதும் அந்த அக்காதான். "ரெண்டு பேரும் காதுல மாட்டிகினு இருந்தாங்கம்மா" என்று அவர் சொன்னதை நான் நன்றாகவே கேட்டேன். ரெண்டு பேரும் என்றுதான் சொன்னார்.

எக்ஸ்ரேயில் முழங்கைக்குக் கீழே எலும்பு விரிசல் விட்டிருந்தது. நான் ஆஸ்பத்திரியிலேயே மாவுக்கட்டுப் போடலாம் என்றேன். கல்யாணத்திலிருந்து பாதியில் திரும்பி வந்திருந்த மாமனார், எங்கள் வீட்டில் யாருக்கு எலும்பு முறிந்தாலும் புத்தூர் நாட்டுவைத்தியக் கட்டுதான் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். மறுநாள் விடிந்ததும் காரில் போனோம். கணவர் ஓட்டினார். பக்கத்தில் மாமனார். பின்னால் நானும் சின்னத்தையும். குழந்தை என் மடியில் இருக்க மறுத்து அவர் மடிக்குத் தாவியது. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது எனக்கு. "கொழந்தை அழுதா கேக்காத அளவுக்கு அப்படி என்ன படம்?" என்று கேட்டேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

"பாத்திருக்கணும்" என்றார் சின்னத்தை. "தப்புதான்."

கார் கண்ணாடியில் கணவரின் கண்கள் தெரிந்தன. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் அந்த அறுபது எழுபது கிலோமீட்டரும் போனைப் பற்றியே பேசினார். இது மனுஷனைச் செவிடாக்குகிறது, குருடாக்குகிறது என்று வேதவசனம் சொன்னார். அவர் தங்கையின் போனைச் சொன்னார். டேஷ்போர்டில் வழி காட்டிக்கொண்டிருந்த மகனின் போன் அவர் கண்ணுக்கு எதிரேதான் இருந்தது.

புத்தூரில் பச்சிலைச் சாறு தடவி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார்கள். குழந்தையின் இன்னொரு கையைச் சின்னத்தை பிடித்துக்கொண்டிருந்தார். குழந்தை அவர் கையைக் கடித்ததில் ரத்தம் கட்டிவிட்டது. கையை விலக்கவில்லை அவர். வீட்டுக்கு வந்ததும் மாமனார் கையை நீட்டினார். சின்னத்தை போனையும் ஒயரையும் அவர் கையில் வைத்தார். மாமனார் அதைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அதன்பிறகு ஒரு மாசம் வீட்டுக்கு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். சபைக்காரர்கள், சொந்தக்காரர்கள், கணவர் மேனேஜராக இருக்கும் பைக் ஷோரூமில் வேலை செய்கிறவர்கள். வந்த ஒவ்வொருவருக்கும் மாமியார் அதே கதையைச் சொன்னார். நாங்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தோம், இவள் போனில் மூழ்கிக்கிடந்தாள், குழந்தை படியிலிருந்து விழுந்தது. அந்தக் கதையில் என் கணவர் இல்லவே இல்லை. அவர் அங்கேயே சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிறு போதகர் பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், நம் சபையில் ஒரு வீட்டில் என்று ஆரம்பித்தார். பெண்கள் பக்கத்து பெஞ்சுகளில் எல்லாத் தலைகளும் திரும்பின. சின்னத்தை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் முடியும்வரை அசையவில்லை.

தெரிந்தும் நான் பேசாமல்தான் இருந்தேன். கணவரோடு சண்டை போட்டால் அந்த வீட்டில் நான்தான் பிறகும் இருக்க வேண்டும். சின்னத்தையைத் திட்டினால் ஒன்றும் நடக்காது. அவ்வளவுதான் காரணம். இப்போது எழுதும்போதும் அதை வேறு மாதிரி எழுத வரவில்லை.

எங்கள் வீட்டில் தினமும் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். மாமனார் வேதம் வாசிப்பார், ஒரு பாட்டுப் பாடுவோம், யாராவது ஒருவரை ஜெபிக்கச் சொல்வார். குழந்தையின் கட்டுப் பிரித்த அன்று, அவர் தங்கையைப் பார்த்து, இன்றைக்கு நீ ஜெபி, செய்ததை நினைத்து மனங்கசந்து ஜெபி என்றார். எல்லாரும் கண்ணை மூடினோம். சின்னத்தை முழங்காலில் நின்றார். குரல் சாதாரணமாக இருந்தது, கடையில் சாமான் சொல்கிற மாதிரி.

"ஆண்டவரே, கொழந்தை கையக் கொணமாக்கினீங்க, ஸ்தோத்திரம். அது வுழுந்தப்ப நான் காதுல மாட்டிகினு இருந்தேன். அது என் தப்பு. மன்னிச்சுடுங்க. ஆனா ஆண்டவரே, பக்கத்து ரூம்ல இன்னொருத்தரும் காதுல மாட்டிகினு இருந்தாரு. கொழந்தையப் பாத்துக்கப்பான்னு நான் வாசல்ல நின்னு சொன்னேன், அவரு தலையாட்டினாரு. நீங்க பாத்துகினு இருந்தீங்க. இந்த வீட்ல இருக்கறவங்களுக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருக்காங்க. அவரு கொழந்தைக்கு அப்பன், நான் வெறும் அத்தை. அதனால என் போன் பீரோவுல இருக்குது, அவரு போன் பாக்கெட்ல இருக்குது. இதுல எது நியாயம்னு எனக்குச் சொல்ல வேணாம், அவங்களுக்கு நீங்களே சொல்லுங்க. இயேசுவின் நாமத்துல கேக்கறேன் பிதாவே, ஆமென்."

ஜெபத்துக்கு நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதை அவர் நன்றாக யோசித்துத்தான் வைத்திருந்தார்.

ஆமென் என்று முதலில் சொன்னது என் மகள், வழக்கம்போல உரக்க. இரண்டாவதாகச் சொன்னது நான். கண்ணைத் திறந்தபோது மாமனார் வேதபுத்தகத்தை மூடாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். மாமியார் கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார். நான் எழுந்து அவர் முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

"ஷோரூம்லருந்து கால் வரும்" என்றார் கணவர்.

"சின்னத்தைக்கும் ஃபேக்டரிலருந்து வரும். கொடுங்க."

அவர் அப்பாவைப் பார்த்தார். மாமனார் வேதபுத்தகத்தை மூடினார். கணவர் போனை எடுத்து என் கையில் வைத்தார். நான் மாமனாரிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டார். பிறகு அறைக்குள் போனார். பீரோ திறந்து மூடும் சத்தம் கேட்டது.

இரண்டு நாள்கூட ஆகவில்லை. மறுநாள் முழுக்க ஷோரூம்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் மாமனார் இரண்டு போன்களையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். கணவர் எடுத்துக்கொண்டார். சின்னத்தை குழம்பைத் தாளித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து தன்னுடையதை எடுத்துக்கொண்டார். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் மட்டும் சமையலறைக்குப் போய், காரில் வைத்து அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றேன். "கேட்டது சரிதான். ஒருத்தரக் கேட்டதுதான் தப்பு" என்றார்.

அந்த வருஷச் சீசன் முடிந்ததும் அவர் திருப்பதிக்குப் போய்விட்டார். பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் சமையல் வேலை, அங்கேயே ஓர் அறை. சபையில் தெரிந்த ஒரு டீச்சர் மூலமாக எப்போதோ பேசி வைத்திருந்திருக்கிறார். கிளம்புகிற அன்றுதான் வீட்டுக்குத் தெரியும். மாமியார் அழுதார். மாமனார், ஜனங்கள் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்றார். "தங்கச்சிக்கு வேலை கெடைச்சிருச்சுன்னு பேசுவாங்க" என்றார் சின்னத்தை. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கொண்டுவந்த அதே பெட்டியை எடுத்துப் போவார் என்று நான் நினைத்தேன். அவர் சக்கரம் வைத்த புதுப் பெட்டி வாங்கியிருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் என்று முடிவானது. மூன்று மாசத்துக்காவது அத்தையைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று வீட்டில் பேசினார்கள். நேரில் போய்க் கேட்க ஆண்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை, என்னை அனுப்பினார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

ஹாஸ்டல் பழைய மூன்று மாடிக் கட்டிடம். அவர் அறை சமையல்கட்டுக்குப் பின்னால். ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் மலை தெரிந்தது. நாங்கள் போனபோது மதியச் சமையல் முடிந்து, பெரிய அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். மகளுக்கு முட்டை வறுத்துக் கொடுத்தார். அவள் கையைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்தார். ஹாஸ்டல் பெண்கள் சிலர் வந்து எட்டிப்பார்த்தார்கள். ஒருத்தி தெலுங்கில், ஏழாம் பாகம் பார்த்துவிட்டேன், அந்த வாத்தியார்தான் கொலையாளி என்று சொன்னாள். "இல்லவே இல்ல, நுவ்வு சூடு" என்று, அவளையே பார்க்கச் சொன்னார் இவர்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். மாமியாருக்கு எந்த டாக்டர், எத்தனை நாள் படுக்கை, நடக்க எவ்வளவு காலம் ஆகும் என்றெல்லாம் அக்கறையாக விசாரித்தார். அண்ணிக்கு முழங்கால் வலி எவ்வளவு நாளாக இருக்கிறது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். வந்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"ஒங்களுக்கு ஆள் வேணுமா, அத்தை வேணுமா?" என்று கேட்டார்.

நான் மகளின் தட்டை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"ஆள் வேணும்னா சித்தூர்ல கெடைப்பாங்க, நல்லா நடத்துங்க. அத்தை வேணும்னா மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை வரேன். அண்ணிகிட்ட உக்காந்து பேசிகினு இருந்துட்டு, துன்னுட்டு, சாயங்கால பஸ்ஸுக்குக் கெளம்பிடுவேன்."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது, மறைப்பதற்கில்லை. ஆபரேஷன், வேலை, குழந்தை, சமையல் எல்லாம் என் தலையில் விழப்போகிறது என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவருக்கும் அது தெரிந்திருந்தது. "ஒன்ன மாட்டி வுடறேன்னு நெனச்சுக்காதே" என்றார். "வீட்ல ரெண்டு ஆம்பளைங்க இருக்காங்க. கை கால் எல்லாம் அவங்களுக்கும் இருக்குது. அத நான் சொன்னா கேக்கமாட்டாங்க."

சொன்னபடியே ஆபரேஷன் முடிந்த இரண்டாம் ஞாயிறு வந்தார். நல்ல புடவை, கையில் ஆப்பிள் பை. மாமியாரின் கட்டிலருகே நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இருவரும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டது ஹால்வரை கேட்டது. அந்த வீட்டில் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் கேட்டதில்லை. சாப்பாட்டுக்கு முதல் பந்தியில் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தார். நான் மீன் குழம்பு வைத்திருந்தேன். உப்புக் கம்மி என்றார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். மாமனார் இருந்துவிட்டுக் காலையில் போகலாமே என்றார். குரலில் அதிகாரம் இல்லை. "எனக்குக் காலையில அறுபது பேருக்கு இட்லி ஊத்தணும்ணா" என்று சொல்லி, அவர் கையைத் தொட்டுவிட்டு எழுந்தார்.

நான் பஸ் ஸ்டாண்டுவரை போய் ஏற்றிவிட்டு வந்தேன். கணவர் சோபாவில் போனும் கையுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு காதிலிருந்து அந்தப் பட்டனைக் கழற்றிவிட்டு, அத்தை போகும்போது ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்.

"அடுத்த மாசம் வரேன்னாங்க. வஞ்சிரம் வாங்கி வைக்கச் சொன்னாங்க" என்றேன். "அன்னிக்குச் சமையல் ஒங்களோடதுன்னும் சொல்லச் சொன்னாங்க."

அவர் இன்னொரு காதிலிருந்தும் பட்டனைக் கழற்றினார். பிறகு மீனை எப்படிக் கழுவ வேண்டும் என்று கேட்டார். சொன்னேன்.

வஞ்சிரம் வரைக்கும்தான் சின்னத்தை சொன்னது. மற்றது நான் சொன்னது.